அரை அடி

2005 வாக்கில் அபுதாபியில் ஓர் அரண்மனைத் தோட்ட வேலையில் சர்வேயராக இருந்தேன். அரச குடும்பத்துக்குத் தோட்டங்கள் அமைத்துத் தரும் பிரெஞ்சுக்காரர்தான் ஆர்க்கிடெக்ட். அவர் நாட்டுப் பாணியில் வாசலிலிருந்து நீரூற்றுவரை ஒரே நேர்ப்பாதை. அதன் இரு பக்கமும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும்.

ஷேக் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள் காலையில் அளந்து பார்த்தேன். வலப்பக்க வேலிச்செடிகள் அரை அடி வெளியே தள்ளி நின்றன. அளவுக்கு முளைக்குச்சி அடித்தது நான்தான். அங்கே ஓரக்கல்லையும் சிமென்ட் போட்டுப் பதித்தாயிற்று.

"வாயைத் திறக்காதீங்க சார். விசாவை கேன்சல் பண்ணிடுவாங்க" என்றார் தஞ்சாவூர்க்கார ஃபோர்மேன்.

பயந்துகொண்டேதான் ஆர்க்கிடெக்டிடம் சொன்னேன். அவர் அரண்மனை மேல்மாடத்துக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். வெகுநேரம் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இடப்பக்கம் கல் பதித்தாயிற்றா?" என்று கேட்டார்.

"இல்லை, செடி மட்டும்தான்."

"அதையும் அரை அடி வெளியே நகர்த்து."

முசஃபா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த இருபது பேரோடு நானும் வெயிலில் மண்வெட்டி பிடித்தேன். மறுநாள் ஷேக் மாடத்தில் நின்று பார்த்துத் தலையசைத்தார். ஆர்க்கிடெக்ட் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு முளையையும் என்னோடு நின்று அவரே அளந்தார்.