அக்கா வீட்டுக் குளியலறை

ரங்கூனில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறது. காலையில் பர்மியப் பெண்கள் லுங்கியை மார்புக்கு மேல் முடிந்துகொண்டு, தெருவே பார்க்க, பேசிச் சிரித்தபடி அங்கே குளிக்கிறார்கள். உள்ளே கதவைத் தாழிட்டு வெந்நீரில் குளிக்கும் நான்தான் அவர்களுக்கு விநோதம். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "பீமார்?" என்று இந்துஸ்தானியில் கேட்டாள். உடம்பு சரியில்லையா என்பது அவள் கேள்வி. என் ஆம்பூர்க் காதில் அது 'பேஜார்' என்று விழுந்தது. அடுப்புப் புகையில் சலித்துப் போயிருந்த நான், "ஆமாம், ரொம்பப் பேஜார்" என்று தலையாட்டினேன். மறுநாள் ஒரு கிண்ணம் கசாயத்தோடு வந்து நின்றாள். நான் குடித்து முடிக்கும்வரை நகரவில்லை.

போன வருஷம் நான் கப்பலேறி ஆம்பூருக்குப் போனது என் அக்கா ஞானத்துக்காக. பிள்ளையில்லாத அக்கா, அத்தான் இறந்தபின் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். கொல்லையில் ஓலைத் தட்டியால் மறைத்த இடம்தான் குளிப்பதற்கு. நடுவில் ஒரு கல். மழைநாளில் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எழுந்து நடக்கிறாள், ஆனால் குனிந்து தண்ணீர் மொள்ள முடியவில்லை. ரங்கூனில் நான் அனுபவிக்கிற சுகத்தில் பாதியாவது அவளுக்கு வேண்டும் என்று நினைத்தேன். ஓட்டுக்கூரை, வழுக்காத சிமெண்ட் தரை, உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வைக்கத் தொட்டி, அதன் அடியில் பித்தளைக் குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. முனுசாமி மேஸ்திரி கடப்பாரையைக் கல்லுக்கடியில் கொடுத்தபோதுதான் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அதையும் எடுக்கறீங்களா?"

"ஆமாமா. கல்லு இருந்தா தரை மட்டத்துக்கு வராது" என்றார் மேஸ்திரி.

"எடுங்க. ஆனா அவரு வந்தா எங்க குளிப்பாரு?"

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, அத்தான் போயி எவ்ளோ நாளாச்சி..."

"தெரியும்டி எஸ்தரு. நான்தானே மண்ணு போட்டேன். இதே கல்லு மேல கெடத்தித்தானே குளிப்பாட்னோம். தெரிஞ்சி இன்னா பண்றது? ஷாப்புல சங்கு ஊதுனா கை தானா வெந்நீ எடுத்து வைக்குது."

அத்தான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் வேலை செய்தவர். சாயங்காலம் சங்கு ஊதியதும் வருவார். கொல்லை வழியாகவே நுழைந்து, அந்தக் கல்லில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். எத்தனை தேய்த்தாலும் ஆவாரம்பட்டை வாடை முழுதாகப் போகாது. சின்ன வயதில் நான் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்துவேன். அக்கா பொத்தியதில்லை.

கல்லைப் பெயர்த்து வேலி ஓரம் உருட்டிவிட்டார்கள். அறை கட்டி முடிந்தது, தரையும் காய்ந்தது. அக்கா உள்ளே போகவில்லை. புதுச் சுவருக்கு வெளியே, புடவையைச் சுற்றிக்கொண்டு, வேலியோரத்துக் கல்லிலேயே உட்கார்ந்து குளித்தாள். நான் கெஞ்சினேன், கோபித்தேன். "நீ ஆசையா கட்ன. அவருக்கு இந்த எடம் தெரியாதே" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷாப்புக்கு விடுமுறை, சங்கு கிடையாது. காற்றும் ஏலகிரிப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஷாப்புகள் இருப்பது எதிர்த்திசையில். கோயிலிலிருந்து திரும்பி, விளக்கு வைக்கும் முன், புது அறைக் கதவைத் திறந்தேன். சிமெண்ட் மணம்தான் வரவேண்டும். வந்தது ஆவாரம்பட்டை வாடை. பட்டையோடு சுண்ணாம்பும் வேர்வையும் கலந்த, ஒரே ஒரு மனிதரின் வாடை. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த அக்கா என் தோளுக்கு மேலாக மூச்சை இழுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"வந்துட்டாரு. எடம் கண்டுபுடிச்சிட்டாரு" என்றாள்.

மறுநாள் காலையில் அக்கா தானாகவே உள்ளே போனாள். மேடையில் உட்கார்ந்து, குழாயைத் திறந்து, நெடுநேரம் குளித்தாள். இடுப்பு நோகவில்லை என்றாள். நான் கடல் தாண்டி வந்த காரியம் முடிந்தது. முனுசாமியிடம் வாடையைப் பற்றிக் கேட்டபோது, "ஆம்பூர்ல இன்னாமா, மண்ணே தோல் வாசனதான்" என்று சிரித்தார். இருக்கலாம். ஆனால் அதற்குப்பின் அந்த அறையில் தாழிட்டுக்கொண்டு என்னால் நிதானமாகக் குளிக்க முடியவில்லை. வெளியே யாரோ தன் முறைக்காகப் பொறுமையாக நிற்பதுபோலவே இருந்தது. அவசரமாக நீரூற்றிக்கொண்டு ஈரத்தோடு வெளியே வருவேன்.

புறப்படும் நாளில் என் துண்டை மடித்துப் பெட்டியில் வைக்கப் போனேன். அக்கா அதை வாங்கி, குளியலறைக் கொடியில் அத்தானின் பழைய துண்டுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாள். "இருக்கட்டும்டி" என்றாள். துண்டில்லாமலே பெட்டியைப் பூட்டினேன்.

அண்மையில் ஆம்பூரிலிருந்து ரங்கூன் வந்த தோல் வியாபாரி வீட்டு அம்மா, எங்களைப் பார்க்க வந்தார். அக்கா சுகமா என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்கமா. சாயங்காலம் சங்கு ஊதுனா ரெண்டு பக்கெட்டு வெந்நீ எடுத்து வைக்கறாங்க. ஒண்ணு அவங்க ஊட்டுக்காரருக்காம். இன்னொண்ணு யாருக்குன்னு கேட்டேன். 'எஸ்தருக்கு'ன்னாங்க."

ஆம்பூரில் சங்கு ஊதும் வேளையில் இங்கே இருட்டிவிடுகிறது. என் பிள்ளைகள் பர்மியப் பேச்சில் சண்டை போட, நான் சோறு பரிமாறிக்கொண்டிருப்பேன். அங்கே, இறந்தவருக்கு வைத்த வாளிக்குப் பக்கத்தில், எனக்கு வைத்த வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கும்.