கிருஷாந்தி கட்டிய கடை

கொட்டகலை பஸாரில் இருக்கும் எங்கள் புடவைக்கடைக்கு வந்து, புடவையைப் பார்க்காமல் என் போனையே பார்த்துக்கொண்டு நின்ற முதல் ஆள் கிருஷாந்திதான். அந்தப் போனைத் தூக்கி வீதியில் எறிந்துவிடும் நிலையில் நான் இருந்தேன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வட்ஸ்அப்பில் "அக்கா ரேட்டு என்னா?" என்று ஓயாத கேள்வி. விலையைச் சொன்னால் "வேற கலர் இருக்கா?" என்பார்கள். வேறு கலர் அனுப்பினால் "மொதல்ல அனுப்புனதே போதும்" என்பார்கள். முதலில் எதை அனுப்பினேன் என்று யாருக்கு ஞாபகம்? எனக்குப் பொறுமை கிடையாது. அது பஸாரில் எல்லோருக்கும் தெரியும்.

"யா அல்லாஹ், இந்தப் போனக் கண்டுபிடிச்சவன் என்ட கையில கெடச்சா..." என்று நான் கத்தியதும் அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சிரிக்க இதுல என்ன ஈக்கி?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரு வெப்சைட் போட்டுட்டா கலரு, வெல எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க. நீங்க நிம்மதியா டீ குடிக்கலாம்."

"யாரு போடுவா?"

"நான் போடுறேன்."

எவ்வளவு துணிச்சல்! மெலிந்த பிள்ளை, கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. உட்காரச் சொல்லி விசாரித்தேன். சொந்த ஊர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். உயர்தரம் படித்து முடித்ததும், மலையகத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் போகிற மாதிரி இவளும் கொழும்புக்குப் போய், மின்சாரச் சாமான் விற்கும் பெரிய கடையொன்றில் வேலைக்கு நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை அங்கே உட்காரக் கூடாதாம். கால் வீங்கி நடக்க முடியாமல் போனபிறகுதான் லீவு கொடுத்திருக்கிறார்கள். தீபாவளி முடிந்த திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

இணையத்தளம் செய்யக் கற்றதும் அங்கேதான். போர்டிங்கில் கூட இருந்த பெண்ணிடம் ஒரு பழைய லப்டொப்பை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றாளாம். போர்டிங்குக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவரும் அக்காவுக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். அன்றன்று என்ன கறி என்று காட்டும் பக்கம். அதுதான் அவள் செய்த முதல் தளம்.

"எனக்குத் திரும்பப் போக இஷ்டமே இல்லக்கா. இந்த வேலய இங்கயே செஞ்சு பொழைக்க முடியும்னா போகவே மாட்டேன்" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது. எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

என் கணவர் ஸுஹைருக்கு அப்படி எதுவும் சட்டென்று பிடிக்காது. ஒரு சட்டைப் பொத்தானைக்கூட மூன்று தரம் திருப்பிப் பார்க்கிற மனிதர். "தங்கச்சி, தீபாவளி வேவாரம் இதால நடந்தா ஒங்கள நெலயா வெச்சிக்கிறன். பஸார்ல மத்தக் கடக்காரங்களுக்கும் நானே செல்றன். நடக்காட்டி நீங்க கொழும்புக்கே போகலாம்" என்று சொல்லிவிட்டார். ஈவிரக்கமில்லாத பேச்சு! ஆனால் கிருஷாந்தி அதையே பெரிய வரமாக எடுத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே லப்டொப்புடன் வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! துணி வெட்டும் மேசையில் பாதி அவளுக்கு. இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, தளத்தைத் திறந்தவுடன் தன் படம் வர வேண்டும், எழுத்தெல்லாம் தங்க நிறத்தில் ஓட வேண்டும், ஒரு பாட்டும் போக வேண்டும் என்றார்.

"ஸுஹைர் நானா, ஆளுங்க சீல பாக்க வாராங்க. ஒங்களப் பாக்கவா வாராங்க?" என்று கேட்டாளே பார்க்கலாம்! கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நான்கூட அப்படிக் கேட்டதில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் வேலை செய்யும் விதமே தனி. சேலைகளைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், மூட்டம் விலகி வெளிச்சம் வரும்வரை காத்திருந்து படம் எடுத்தாள். முந்தானைக்கு ஒரு படம், கரைக்கு ஒரு படம். அழகான படங்கள்தான். ஆனால் திரை உடைந்த என் பழைய போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் பாதிதான் வரும் சாமான் அறைக்குள் போய்த் திறந்து பார்த்தாள். படம் வருவதற்குள் எனக்குக் கொட்டாவியே வந்துவிட்டது. "இது சரிவராது. தோட்டத்துல இத விட மோசமா இருக்கும்" என்று அத்தனை படங்களையும் சுருக்கினாள். ஓடர் பட்டனைப் பெருவிரல் எட்டும் இடத்தில், பெரிதாக வைத்தாள். போன் திரையில் சரியாக வந்தபிறகுதான் லப்டொப்பில் எப்படித் தெரிகிறதென்றே பார்த்தாள்.

நிறங்களுக்குக் கம்பனிக்காரன் போட்டிருந்த ஆங்கிலப் பெயர்களையெல்லாம் தூக்கிவிட்டு, "நம்ம ஆளுங்க கடையில வந்து எப்புடிக் கேப்பாங்கக்கா?" என்று என்னிடம் கேட்டு எழுதினாள். கத்தரிப்பூக் கலர், மாம்பழ மஞ்சள், கொழுந்துப் பச்சை. வாசிக்கும்போதே வாங்க வேண்டும்போல் இருந்தது.

சேலையைத் தெரிவுசெய்து, பெயரையும் போன் இலக்கத்தையும் போட்டால் போதும். எங்கள் வேன் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். காசை அங்கேயே வாங்கிக்கொள்வோம். யாராவது விளையாட்டுக்கு ஓடர் போட்டுத் தள்ளினால் என்ன செய்வது என்று இவர் கேட்டார். அதற்கும் அவளிடம் வழி இருந்தது: ஒரு போன் இலக்கத்துக்கு ஒரு ஓடர்தான். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார்கள் என்றாள். என்ன மூளை இந்தப் பிள்ளைக்கு என்று நான் மெச்சிக்கொண்டேன்.

தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கிற நாளன்றே தளத்தைத் திறந்தோம். அட்வான்ஸ் கைக்கு வந்ததும்தான், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று வரிசையாக இருக்கும் லயங்களில் துணிப் பேச்சே தொடங்கும். அந்த ஒரு பின்னேரம் எங்களுக்கு வருட வியாபாரத்தில் பாதி. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு நாங்கள் மூன்று பேரும் லப்டொப்பின் முன்னால் குந்திவிட்டோம்.

டிங் என்று ஒரு சத்தம். "வந்துருச்சு!" என்று கிருஷாந்தி துள்ளி எழுந்தாள். அக்கரப்பத்தனையிலிருந்து நாகலெட்சுமி என்பவர் ஒரு கத்தரிப்பூக் கலர் சேலை கேட்டிருந்தார். நான் கை தட்டினேன். இவர்கூடப் பல்லைக் காட்டினார். தலவாக்கலையிலிருந்து ஒன்று, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒன்று, அங்கொன்று இங்கொன்றாக இன்னும் கொஞ்சம்.

அத்தோடு சரி. டிங்கும் இல்லை, டொங்கும் இல்லை. போன வருடம் இதே நேரம் வாசலில் சனம் நெரிந்தது. இந்த முறை போனில் வாங்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்ததால் வாசலும் காலி! இவர் எழுந்து முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினார். கிருஷாந்தி திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"தளம் வேலை செய்யுதுக்கா. ஆளுங்க நெறைய வாராங்க. சீலையத் தெரிவு செய்றாங்க. கடைசியில வந்து திரும்பிப் போயிர்றாங்க. ஏன்னுதான் தெரியல" என்றாள்.

அந்த நேரம் கடைப் போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்மா, கொட்டகல புடவக் கடதானே? நாந்தான் நாகலெட்சுமி. நாங்க என்னா திருட்டுப் போனா வச்சிருக்கோம்?"

"என்னங்க பேசுறீங்க? என்ன நடந்த?" என்றேன்.

"நான் எனக்கு ஒன்னு போட்டேன், எடுத்துக்கிச்சு. பக்கத்துக் காம்பரா தனுஜாவுக்குப் போட்டா, இந்த இலக்கத்துல ஏற்கெனவே ஓடர் இருக்குங்குது. சின்னராசா பொண்டாட்டிக்குப் போட்டாலும் அதேதான். எங்க லயத்துல நெட்டு உள்ள போன் இது ஒன்னுதான். அதுக்கும், புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற புள்ளக் காம்பராகிட்ட வந்தாத்தான் சிக்னலு. பொம்பளைங்க பூரா என்னயச் சுத்தி நிக்கிறாங்க, பனி கொட்டுது. நாங்க துணி வாங்குறதா வேணாமா?"

கிருஷாந்தி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! எங்கம்மாவே பக்கத்துக் காம்பரா போன்லதாங்க்கா எங்கிட்டப் பேசும்!"

எனக்கு வந்ததே கோபம். "லயத்துல பொறந்து வளந்த புள்ளதானே நீ? கொழும்புல நாலு நாள் இருந்ததும், ஆளுக்கொரு போன் எண்டு நெனச்சிட்டியா?"

"ஆமாக்கா. அப்புடியேதான் நெனச்சிட்டேன்" என்றாள் பாவம். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. ஒரு லயமே ஒரு போனைச் சுற்றி நிற்கும் ஊரில், ஒரு இலக்கத்துக்கு ஒரு ஓடர் என்று பூட்டுப் போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் டிங் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறோம்! மற்ற லயங்களிலும் இதே கதைதானே நடந்திருக்கும்.

"போதும். இத மூடுங்க. ஹலீமா, நீ பழயபடி வட்ஸ்அப்ல படம் அனுப்பு" என்றார் இவர்.

"இஞ்சாருங்க, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரரே எட்டிப் பார்த்தார். இவர் மூடச் சொன்னது ஒரு தளத்தை மட்டுமா? அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வீங்கிய காலோடு ரயில் ஏற வேண்டுமே!

கிருஷாந்தி போனருகே குனிந்தாள். "அக்கா, தப்பு எம்மேலதான். போன வைக்காதீங்க. யாரையும் வீட்டுக்குப் போக விட்ராதீங்க. இப்பவே சரி பண்ணித் தாரேன்."

"பண்ணு தாயி, நிக்கிறோம்" என்றது மறுமுனை.

அவள் விரல்கள் பறந்தன. பூட்டை அப்படியே எடுத்துவிட்டால் விளையாட்டு ஓடர்கள் வரும் என்று, வேறொரு வழி செய்தாள். ஓடர் போட்டு முடிந்ததும் கீழே ஒரு புதிய பட்டன்: "இதே போனில் இன்னொருவருக்கு வாங்க". அதை அழுத்தினால் அடுத்தவரின் பெயரையும் காம்பராவையும் மட்டும் கேட்கும். போன் வைத்திருப்பவரை நாங்கள் ஒரு தடவை கூப்பிட்டு எல்லாவற்றையும் உறுதிசெய்துகொள்ளலாம்.

"போட்டாச்சு. இப்பத் தெறந்து பாருங்கக்கா."

"ஒன்னும் இல்லியே. வெள்ளையா இருக்கு!"

யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன். கிருஷாந்தி பதறவில்லை. எதை மாற்றுவதென்றாலும் முதலில் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவள் வழக்கம். அந்தப் பிரதியைத் திரும்பப் போட்டாள், தளம் வந்தது. மாற்றிய வரிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு இடத்தில் அடைப்புக்குறி ஒன்றை மூடாமல் விட்டிருந்தாள். அவசரத்தில் அதுதான் நடந்தது. மூடினாள். மறுபடி ஏற்றினாள்.

"அக்கா, இப்ப?"

நான் போனை இன்னும் கிட்ட இழுத்து வைத்தேன்.

"வந்துருச்சுடி!" என்று நாகலெட்சுமி கத்தினார். பின்னால் பெண்கள் கூட்டமே கத்தியது. டிங்! தனுஜாவுக்குக் கத்தரிப்பூக் கலர். டிங்! சின்னராசா மனைவிக்கும் கத்தரிப்பூக் கலர். அதே லயத்தில் எல்லோருக்கும் கத்தரிப்பூக் கலர்தான் வேண்டுமாம், தீபாவளியன்று ஒரே மாதிரி உடுத்திக் கோயிலுக்குப் போகப் போகிறார்களாம்!

முதலில் ஓடர் போட்ட மற்ற இலக்கங்களையும் நான் கூப்பிட்டுச் சொல்ல, திரும்பிப் போயிருந்த லயங்களும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அந்த டிங் சத்தம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. இவர் ஏணியில் ஏறிச் சேலைகளை இறக்க, நான் பெயர் எழுதிக் கட்ட, கிருஷாந்தி திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கடை ரெண்டுபட்டது. கத்தரிப்பூக் கலர் முடிந்தது. உடனே அதன்மேல் "முடிந்துவிட்டது" என்று போட்டாள். சனம் மாம்பழ மஞ்சளுக்குத் தாவியது. மாஷா அல்லாஹ், அப்படி ஒரு பின்னேரத்தை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

அப்போதுதான் கிருஷாந்தியின் சொந்தப் போன் அடித்தது. இலக்கத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கொழும்பு முதலாளி.

"திங்கக்கெழம வாறியா, இல்ல வேற ஆளப் போடவா? இப்பவே சொல்லு" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

அவள் இவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இந்த மனிதர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இவரோ தாடைவரை சேலை அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஏணியில் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, போன் பேச்செல்லாம் பொறகு! மஞ்சளும் முடிஞ்சிட்டு எண்டு போடுங்க முதல்ல!" என்று மேலேயிருந்து கத்தினார். "பஸார்ல அஃப்ஹம்ட பாத்திரக் கடைக்கும் நீங்கதான் செய்யப் போற எண்டு காலையிலயே செல்லிட்டன். நாளைக்கு அங்க போகணும்!"

காலையிலேயே சொல்லியிருக்கிறார்! ஒரு ஓடர்கூட வராத நேரத்தில்! அந்த மனிதரை அந்த நிமிடம் ஏணியிலிருந்து இறக்கிக் கட்டிப்பிடித்திருப்பேன், கடையாகப் போய்விட்டது.

கிருஷாந்தி ஒரு கையால் "மாம்பழ மஞ்சள் முடிந்துவிட்டது" என்று தட்டிக்கொண்டே போனைக் காதில் வைத்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்கவில்லை.

"வேற ஆளப் போட்டுக்குங்க முதலாளி" என்றாள். "எனக்கு எங்க ஊர்லயே வேல இருக்குங்க."