சிவமலர் தனியே பார்த்த மாஸ்கோ

குவைத்தின் ஃபர்வானியாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இராஜரத்தினமும் சிவமலரும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் ஒரு கட்டுமானக் கம்பனியில் கிளார்க். வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டு, பாதிப் படி இறங்கியபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர். சிவமலர் கலியாணத்துக்கு முன் கோப்பாயில் சரித்திரம் படிப்பித்தவர். மாஸ்கோ எரிந்த கதையையும், சதுப்பு நிலத்தில் ஒரு மன்னன் தலைநகர் கட்டிய கதையையும் கரும்பலகையில் படம் கீறி விளங்கப்படுத்தியவர். அந்த இடங்களைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

1985இல் சிவமலரின் தம்பிக்கு லண்டனில் கலியாணம். ரஷ்ய விமானத்தில்தான் டிக்கட் மலிவு. போகிற வழியில் மாஸ்கோவில் ஒரு நாள் தங்க வேண்டும். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு பயணிகளைப் பக்கத்து ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது ஒரு பெண் வந்து, நகரம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வாசலில் பஸ் நிற்கிறது என்றாள்.

சிவமலர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

"இருமப்பா," என்றார் இராஜரத்தினம். "பாஸ்போர்ட் கையில இல்லாமல் எங்க போறது? எங்கயேன் பிடிச்சு வைச்சால்?"

"குவைத்திலயும் எங்கட பாஸ்போர்ட் வேலை தந்த கபீலிட்டத்தானே கிடக்கு. அதுக்காகக் கடை தெருவுக்குப் போகாமலே இருக்கிறம்?"

"அது வேற, இது வேற. பெட்டியளை ஆர் பாக்கிறது?"

"பெட்டிக்குள்ள ரெண்டு சீலை கிடக்கு. இஞ்சருங்கோ, எத்தினை பிள்ளையளுக்கு இதைப் படிப்பிச்சனான். ஒருக்கால் பாத்திட்டு வருவம், வாங்கோ."

இராஜரத்தினம் மாட்டேன் என்று தலையாட்டினார். தான் போகாவிட்டால் மனைவியும் போகமாட்டார் என்று நினைத்தார். சிவமலர் சீலைக்கு மேல் கணவனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தனியே போய் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்று முழுவதும் இராஜரத்தினம் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. பஸ் திரும்பி வந்தபோது ஓடிப் போனார். குளிரில் காதுகள் சிவந்துபோக, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு இறங்கினார் சிவமலர்.

"இஞ்சருங்கோ, அந்தச் செஞ்சதுக்கத்துக் கோயிலின்ர கோபுரங்கள், ஒண்டைப் போல மற்றது இல்லை..."

"உமக்கு அறிவிருக்கே? நான் இஞ்ச செத்துப் பிழைச்சிருக்கிறன். ஊர் பாக்கப் போயிட்டா, ஊர்!"

கூட வந்த யாழ்ப்பாணத்துப் பெடியள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள். சிவமலரின் சிரிப்பு நின்றது. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து கணவன் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு மாஸ்கோவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கோபித்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. சமைத்தார், சிரித்தார், அவருக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்தார். அந்த ஒரு பகலை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. குவைத்துக்குத் திரும்பியபின், பின்னேரங்களில் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லும்போது அந்தக் கதைகள் வரும். கிரெம்ளினில் நிற்கிற பெரிய மணி, ஒருநாளும் அடிக்காமலே உடைந்துபோன மணி. பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். இராஜரத்தினம் குசினிக்குள் அடுப்படியில் அசையாமல் நின்று கேட்பார்.

ஒருநாள் படியில் என்னோடு வந்த என் மகளை மறித்தார்.

"பிள்ளை, அந்த மணி ஏன் உடைஞ்சதெண்டு டீச்சர் சொன்னவவோ?"

"நெருப்புப் பிடிச்சு மணி சூடா இருக்கேக்க தண்ணி ஊத்தினவங்களாம், அங்கிள். அதுதான் கிராக் ஆயிட்டுது."

"வீட்டிலதானே இருக்கிறா, அவவிட்டயே கேக்கலாமே அண்ணை," என்றேன் நான்.

"இனி என்னெண்டு தம்பி கேக்கிறது? சொல்ல வந்த நேரம் வாயை அடைச்சுப் போட்டன்."

1988 கோடை லீவுக்கு அவரே ஒரு பயண ஏஜென்சிக்கு அலைந்து, மாஸ்கோவும், சதுப்பு நிலத்தில் கட்டிய அந்தப் பழைய தலைநகரான லெனின்கிராடும் பார்க்க இருவருக்கும் ஏற்பாடு செய்தார். அவ்வளவு உற்சாகமாக அவரை நான் கண்டதில்லை. திரும்பி வந்தவர் பயணத்தைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் விடாமல் கேட்டதில் சொன்னார்.

மாஸ்கோவில் சிவமலர் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளியே நடந்தாராம். மணிக்கு முன்னால் நின்று இராஜரத்தினம் ஏதோ கேட்க, "கைட் சொல்லுறா, கேளுங்கோ," என்றாராம். லெனின்கிராடு இருவருக்குமே புதிது. அங்கே எல்லாம் மாறிவிடும் என்று இவர் நம்பியிருக்கிறார். அரண்மனைக்கு முன்னால் அந்தப் பெரிய சதுக்கத்தில் நின்றபோது சிவமலரின் முகம் திடீரென்று மலர்ந்தது.

"இதிலதான் ஜார் மன்னனிட்ட முறையிட வந்த சனங்களைச் சுட்டு..." என்று கையை நீட்டித் தொடங்கினார். பக்கத்தில் நிற்பது யார் என்று திரும்பிப் பார்த்தார். கை இறங்கியது.

"சொல்லும், சிவம். நான் கேக்கிறன்," என்றார் இராஜரத்தினம்.

"உங்களுக்கு இதெல்லாம் என்னத்துக்கு? கால் நோகுது, பஸ்ஸுக்குப் போவம்."

"கோவத்தில சொல்லேல்லத் தம்பி," என்றார் இராஜரத்தினம் என்னிடம். "கோவமெண்டால் நான் கையைக் காலைப் பிடிச்சிருப்பன். என்னட்டச் சொல்லோணும் எண்ட எண்ணமே அவவுக்கு விட்டுப் போச்சுது."

பஸ்ஸில் சிவமலர் ஜன்னலோரம் இருந்தாராம். ஆறும் பாலங்களும் கடந்து போயின. இவர் பக்கத்தில் இருந்து, அவர் பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாராம்.