அந்த அக்காவின் திரை மட்டும்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. மேஜைகளில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் பேருக்குத்தான். எல்லாருடைய வேலையும் மூலை அறையில் இருந்த ஒரே லினக்ஸ் சர்வரில் ஓடியது. அந்த அறைக்கு நான்தான் ராஜா. சர்வரில் ஆளுக்கொரு கோப்பு உண்டு. யாருக்குத் திரையில் எழுத்து எந்த அளவில் தெரிய வேண்டும் என்று அதில் எழுதிவைக்கலாம். யாரும் கேட்காமலே இதை விளக்கும் வியாதி எனக்கு.

செம்பாக்கத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் ஒருநாள் அந்த அறைக்கே வந்தார். கண்ணாடி மாற்றியும் எழுத்து கலங்கித் தெரிகிறதாம். கணவருக்கு வேலை இல்லை, அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "யார்கிட்டயும் சொல்லிடாதப்பா, தெரிஞ்சா தூக்கிடுவாங்க" என்றார். அவர் கோப்பில் மட்டும் அளவை மாற்றினேன். எழுத்துகள் கொழுகொழுவென்று வந்து நின்றன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரிய எழுத்து அவருக்கு மட்டுமா தெரியும்? பின்னால் நடந்துபோன மேனேஜர் கண்ணிலும் பட்டது. இவங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏதோ கோளாறு சார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நானோ, என் வேலையையும் ஒருவர் கவனித்துவிட்டாரே என்ற பூரிப்பில், ஆளுக்கொரு கோப்பு என்று ஆரம்பித்து, "அக்காவுக்குக் கண்ணு கொஞ்சம் சரியில்ல சார், அதான்" என்று முடித்தேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அந்த மாதக் கடைசியோடு அக்காவை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் "வரேம்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

சில வாரம் கழித்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வந்தாள். சாயந்திரமானால் கண் எரிகிறதாம், அக்காவுக்கு வைத்த மாதிரி தனக்கும் வேண்டுமாம். பிறகு இன்னொருவர் வந்தார். அப்புறம் இன்னும் இருவர். கோப்பு கோப்பாகத் திறக்க அலுத்துப்போய், எல்லாருக்கும் பொதுவான கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினேன். அதை அக்கா வந்த அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுதத் தெரியாமல் இல்லை, தோன்றவில்லை.

மறுநாள் காலை எல்லாத் திரையிலும் எழுத்து பெரிதாக இருந்தது. மேனேஜர் வழக்கம்போல் நடந்து போனார். யார் பின்னாலும் நிற்கவில்லை.