நலன்விரும்பிகள் போட்ட படம்

அந்த வருஷ நோன்பில் புத்தளத்துக் கரைத்தீவுப் பள்ளிவாசலில் நல்ல கஞ்சி. இறைச்சி போட்டுக் காய்ச்சினார்கள். அது யாருடைய கஞ்சி என்று நாங்கள் கேட்பதில்லை. ஒவ்வொரு நாளைக்கும் ஒருவர் பொறுப்பெடுப்பார், அவருடைய பேர் பாங்கு சொல்லும் மோதினாருக்கு மட்டும்தான் தெரியும். மன்னாரில் இருந்த காலத்திலும் அப்படித்தான். கேட்டால் கொடுத்தவருக்குக் கிடைக்கிற நன்மை குறைந்துபோகும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பின்னேர அசர் தொழுகை முடிய, பெண்கள் வாளியோடு பள்ளியின் பின்பக்கம் போய் நிற்போம். அன்றைக்கு அடுப்பில் ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டை. ஒரே புகை. கண் எரிந்து, முந்தானையால் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து, முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியை நீட்டிப் படம் எடுத்தார். வெளிநாட்டிலிருந்து கஞ்சிக்குக் காசு அனுப்புகிறவர்கள் சில வேளை படம் கேட்பார்கள், அதற்குத்தான் என்று நினைத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்நிய ஆணோடு நான் கதைக்கிறதே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

பெருநாள் முடிந்து தேர்தல் சூடு பிடித்தது. ஒரு காலை மருமகன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, பத்திரிகையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாமி, இது நீங்கதானே?"

பக்கம் முழுக்க நான். முந்தானை கண்ணில், வாளி கையில். பக்கத்தில் ஒரு வேட்பாளர் சிரித்துக்கொண்டு நிற்கிறார், இரண்டு படத்தையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மேலே 'ஒரு தாயின் நன்றிக் கண்ணீர்' என்று இருந்தது. அடியில் சின்ன எழுத்தில், 'இப்படிக்கு நலன்விரும்பிகள்'.

மகள் சிரித்தாள். "உம்மா பெரிய ஆளாகிட்டா!" என்றாள். நான் பத்திரிகையை மடித்து வைத்தேன். அந்த வேட்பாளர் யாரென்று எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து அகதியாக வந்த காலத்தில் என் தம்பி இங்கே ஒரு தென்னங்காணியின் ஓரத்தில் கொட்டில் போட்டு இருந்தான். காணி தன் சொந்தக்காரருடையது என்று சொல்லி, ஆட்களைக் கூட்டிவந்து கொட்டிலைப் பிடுங்கிப் போட்டவர் அவர்தான். தம்பியின் பிள்ளைகளை மழைக்குள் நான்தான் கூட்டிவந்து என் கொட்டிலுக்குள் படுக்க வைத்தேன். நாட்டில் யுத்தம் முடிந்ததும் தம்பி மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டான். அந்த ஆளின் பேரை அவன் வாயால் சொல்வதேயில்லை.

பத்திரிகை மன்னாருக்கும் போகும்தானே. பகலுக்குள் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"ராத்தா, அந்தாள்ட கஞ்சிக்கா அழுதீங்க?"

"பொகைடா தம்பி. அல்லாஹ்வுக்காக நம்பு. எனக்கு ஒண்டும் தெரியா."

"தெரியாமலா பக்கம் முழுக்க வந்தது? அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு காசு தெரியுமா? ஆரு குடுத்தது? ஒங்களுக்கு எவ்வளவு தந்தான்?"

"தம்பி..."

"ஆரு போட்டதெண்டு சொல்லுங்க, நான் நம்புறன். அது வரைக்கும் எனக்குப் போன் எடுக்காதீங்க."

அவன் வைத்துவிட்டான். எங்கள் உம்மா மௌத்தானபோது அவனுக்கு நாலு வயது. வளர்த்தது நான்.

முதலில் மோதினாரிடம் போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மகளை விட்டுக் கேட்பித்தேன். அன்றைய கஞ்சி யாருடையது, படம் எடுத்தவர் யார்?

"புள்ள, கஞ்சி ஆர்டயெண்டு நான் இண்டைக்கு வரைக்கும் ஒரு ஆளுக்கும் சொன்னதில்ல. ராத்தாவுக்குத் தெரியாத வழக்கமா? படம் எடுத்த ஆள எனக்குத் தெரியா" என்றார்.

அதற்கு மேல் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மருமகன் என்னைப் புத்தளத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். பத்திரிகைக்கு விளம்பரம் எடுக்கிறவர் அங்கே ஒரு சின்னக் கடையில் இருந்தார். நல்ல மனிசன், கதிரை போட்டுத் தந்தார்.

"உம்மா, மௌத்து அறிவித்தல் எண்டா கீழ குடும்பத்தார்ட பேர் போட்டே ஆகணும். அடையாள அட்டையும் பாப்பம். இது அரசியல். நலன்விரும்பிகள் எண்டு எழுதினாப் போதும்."

"அப்ப மௌத்தானாத்தான் உண்மையப் போடுவீங்களா?" என்றார் மருமகன்.

"என்னோட ஏன் தம்பி கோவிக்கிறீங்க? இது கொழும்பால வந்தது. என்ட கையால போகல்ல."

வேட்பாளரின் தேர்தல் கந்தோரில் இன்னும் மரியாதை. சோடா உடைத்துத் தந்தார்கள்.

"இது நாங்க போட்டதில்ல உம்மா. எங்கள விரும்புற ஆரோ போட்டிருக்காங்க. அன்பாப் போடுறவங்கள நாங்க எப்பிடி வேணாமெண்டு சொல்ற? ஆனா, படம் வடிவா விழுந்திருக்கு. பாத்த ஆக்களெல்லாம் அழுறாங்க."

"எனக்கு அது வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சோடாவைக் குடிக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்தப் படம் தொலைபேசிகளிலும் வந்தது. பேக்கரியில் பாணை அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் சுற்றித் தந்தார்கள். நான் கடைக்குப் போவதை விட்டேன்.

இப்போது ஒரு சட்டம் இருக்கிறதாம். தேர்தல் முடிந்ததும் வேட்பாளர்கள் எல்லாரும் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும், காசு யார் தந்தது என்றும் சொல்ல வேண்டும், அதை யாரும் போய்ப் பார்க்கலாம். மருமகன் இதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. வாக்களிப்பு நாளுக்கு நான் காத்திருந்தது அந்தக் கணக்குக்காகத்தான். அவர் வெல்வதும் தோற்பதும் எனக்கு ஒன்றுதான். அவர் வென்றார்.

கணக்கு வந்ததும் மருமகன் ஆட்டோ ஓட்டத்தை விட்டுவிட்டு, மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போனார். வந்து, சட்டையைக் கழற்றாமலே படியில் இருந்துகொண்டார்.

"இல்ல மாமி. கூட்டம், ஒலிபெருக்கி, துண்டுப்பிரசுரம் எல்லாம் இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் இல்ல."

"ஏன்?"

"அவர் போடல்லயெண்டா அவர்ட கணக்கில வராதாம். அப்ப போட்டவன்ட கணக்கு எங்கயெண்டு கேட்டன். போட்டவர் வேட்பாளர் இல்லயே எண்டு சொல்றாங்க."

அன்றைக்கே தம்பிக்கு எடுத்தேன். மருமகன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப ஒருத்தரும் போடல்ல. படம் தானா வந்து நிண்டது. அப்பிடித்தானே ராத்தா?"

அப்படித்தான் இருந்தது.

பெருநாளைக்கு எப்போதும் அவன்தான் முதலில் எடுப்பான். ஹஜ்ஜுப் பெருநாளன்று தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி தாண்டியது. நானே எடுத்தேன். அவன் மனைவிதான் பேசினாள்.

"தொழப் போயிட்டார் மச்சி, இன்னும் வரல்ல."

பெருநாள் தொழுகை முடிந்து மூன்று மணித்தியாலம் ஆகியிருக்கும். அவளுக்குப் பின்னால், வந்தவர்களுக்குக் கதிரை போடச் சொல்லி அவன் சத்தம் கேட்டது.

"வந்தா சலாம் சொல்லுங்க மச்சி" என்று வைத்தேன்.