அண்ணன் கவிதை படிக்க வந்தபோது

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு மல்லிகைச் சரம் வாங்க வேண்டும், கடைக்காரம்மாவிடம் பேரம் பேச வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. திடீரென்று கிராம்பு சிகரெட் வாசம். பிடித்தவர் யாரோ ஒரு கட்டட வேலைக்காரர், பாவம், தன் பாட்டுக்கு நின்று ஊதிக்கொண்டிருந்தார். நானோ பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். இந்த வயதில் எனக்குக் கண்ணாமூச்சி ஆட்டம் வேண்டிக்கிடக்கிறது பாருங்கள்.

அந்த வாசத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு கவிதை வகுப்பு இருக்கிறது. சிரிக்காதீர்கள். அப்போது கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். பக்கத்து மேசை செல்வம். எதற்கெடுத்தாலும் கிண்டல், மேனேஜரைக்கூட விடமாட்டான். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை மரபுக் கவிதை சொல்லித் தருகிறார்கள் என்று அவன்தான் என்னைக் கொமுட்டர் ரயிலில் இழுத்துக்கொண்டு போனான். "சும்மா வீட்டுல ஒக்காந்து சீரியல் பாத்து என்ன கிழிக்கப்போற? வா லா!"

வகுப்பு ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே மசாலா அரைக்கும் மில். டீச்சர் மலர்விழிக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அவர் மோனை என்று வாயைத் திறப்பதற்கும் கீழே மிளகாய் அரைபடுவதற்கும் சரியாக இருக்கும். மோனை என்றால் இன்றைக்கும் எனக்கு மூக்கு அரிக்கிறது. எனக்குக் கவிதை கடைசிவரை வரவில்லை, அது வேறு விஷயம். செல்வத்துக்கு வந்தது. அதிலும் வஞ்சப்புகழ்ச்சி அணி நடத்திய நாளில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புகழ்வது போலப் பழிப்பது! பிறந்ததிலிருந்து தான் செய்துவரும் வேலைக்கு இலக்கணத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவனுக்கு ஒரு தம்பி, ரவி. கிள்ளானுக்குப் பக்கத்தில், மேருவில் லோரிப் பட்டறை வைத்திருந்த ஒருவரோடு சேர்ந்து திரிந்தான். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, 'அண்ணன்' என்றால் போதும், மேருவில் பேச்சு நின்றுவிடும். ஒரு அடிதடி வழக்கில் அண்ணனின் ஆட்கள் செய்ததைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டு ரவி சிறைக்குப் போனான். செல்வம் இதைப்பற்றி என்னிடம் பேசவே மாட்டான். சாப்பாட்டு நேரத்தில் கிண்டல் மட்டும் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

அந்த வருடம் அண்ணனின் பிறந்தநாள் விருந்தில் வாழ்த்துப்பா படிக்க ஆள் தேடினார்கள். செல்வம் தானாகப் போய் நின்றான். மண்டபம் நிறைய ஆட்கள். நானும் பின்வரிசையில் பிரியாணியோடு இருந்தேன். அவன் கணீரென்று படித்தான்.

"நின்நிழலில் நின்றபிள்ளை வெயிலறியான், அவனுக்கு
மன்னர்தம் அரசேமுன் வந்தூட்டும், ஊரிலுள்ள
அன்னையர்கள் நின்பெயரை உரையாமல் உறங்காரே!"

ஒரே கைத்தட்டல். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வெயில் படாத பிள்ளை எங்கே இருக்கிறான், அரசாங்கம் யாருக்குச் சோறு போடுகிறது, அம்மாக்கள் எதற்காக அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மேடையேறிப் பொன்னாடை போர்த்தினார். "எங்க தம்பி கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று கேட்டார். கைத்தட்டல் தலைக்கேறிய இந்த மடையன், வகுப்பின் முகவரியைச் சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிறு மாடிப்படியில் கிராம்பு வாசம் முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். ஆட்கள் இருவர் கீழே நின்றார்கள். கையில் புதுப் பாடப்புத்தகம். "டீச்சர், நான் படிக்காதவன். ஆரம்பத்துல இருந்து சொல்லிக் குடுங்க." யார் மறுப்பது? முக்கால்வாசி முடித்திருந்த வகுப்பு முதல் பாடத்துக்குத் திரும்பியது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நல்ல மாணவர். எதுகைக்கு உதாரணம் கேட்டால் "லோரி, மாரி, சரியா டீச்சர்?" என்பார். உவமைக்கு, "போலீஸ் மாதிரி மழை வந்துச்சு, சத்தமே இல்லாம." எல்லாரும் அளவாகச் சிரித்தோம். செல்வம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் பாடம் ஒன்று நகர்ந்தது, புத்தகத்தில் வஞ்சப்புகழ்ச்சி ஒரு பாடம் நெருங்கி வந்தது. "வராதடா, நின்னுரு," என்று செல்வத்திடம் கெஞ்சினேன். "நின்னா சந்தேகம் வரும். ரவி உள்ள இருக்கான்," என்றான். அவன் பயந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

மலர்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பாவம், அவரும் என்னதான் செய்வார்? உவமையையே வாரக்கணக்கில் இழுத்தார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது வந்துருச்சி டீச்சர், அடுத்தது போவோம் லா," என்றார். உருவகம் முடிந்தது. தற்குறிப்பேற்றம் முடிந்தது. "அண்ணே, வஞ்சப்புகழ்ச்சி பரீட்சைக்கு வராது, விட்டுரலாம்," என்றார் மலர்விழி.

"எனக்கு என்ன பரீட்சை டீச்சர்? சொல்லுங்க."

சொன்னார். அண்ணன் விளக்கத்தைக் கவனமாக எழுதிக்கொண்டார், பேனாவை மூடினார். "எனக்கு ஒரு உதாரணம் தெரியும்," என்று அந்த மூன்று வரியையும் மனப்பாடமாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தும்மவில்லை.

"நல்லா எழுதியிருக்க தம்பி," என்றார். அதட்டவில்லை, முறைக்கவில்லை. "உன் தம்பி ஜெயில்ல எந்த ப்ளாக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம பசங்களும் அங்கதான் இருக்கானுங்க, பாத்துக்குவானுங்க. நீ வருஷா வருஷம் எனக்கு எழுது. இந்த அணி மட்டும் வேணாம்."

"சரிண்ணே," என்றான் செல்வம்.

அதோடு வகுப்பு முடிந்தது. மலர்விழி தன் பள்ளிக்கூட வேலையை ஜொகூருக்கு மாற்றிக்கொண்டு போனார். அந்த மாடி இப்போது மலிவு விலைத் தங்கும் விடுதி, கீழே மில் இருந்த இடத்தில் கைப்பேசிக்கடை. செல்வம் வேலையை விட்டுவிட்டு அண்ணனின் பட்டறை அலுவலகத்தில் சேர்ந்தான். ரவி ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தான், இப்போது அண்ணனின் கார் ஓட்டுகிறான்.

இந்த வருடம் மேரு சாலையில் பிறந்தநாள் பதாகை ஒன்று பார்த்தேன். மாலையோடு அண்ணன், பின்னால் கைகட்டி ரவி, கீழே செல்வத்தின் கவிதை. காரை ஓரங்கட்டி இறங்கிப் போய்ப் படித்தேன். எதுகை சரி, மோனை சரி. ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு முள், ஒரு சின்ன நக்கல், பழைய செல்வத்தின் குரல் அகப்படாதா என்று வெயிலில் நின்று தேடினேன். ஒன்றுமில்லை. மனதாரப் புகழ்ந்திருந்தான்.