சுருக்கினால் சுருங்கினதுதான் என்று நினைத்தேன்

இரண்டாயிரத்துகளின் கடைசியில், முதலிபாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். சர்வரில் டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. அட்டைப்பெட்டி விவரங்கள் இருந்த பெரிய டேட்டாபேஸ் டேபிளை யாரையும் கேட்காமல் கம்ப்ரஸ் செய்து சுருக்கினேன். பாதி இடம் மிச்சமானது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

துணியோடு வளர்ந்தவனின் கோளாறு அது. காம்பேக்டிங் மெஷின் பனியன் துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும். அப்புறம் அது அப்படியே நிற்கும். டேபிளும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன். மடையன்! டிஸ்கில் சுருங்கிக் கிடப்பதை மெமரியில் விரித்துத்தான் சர்வர் படிக்கும். சுருக்கிய பிரதியும் மெமரியிலேயே இருக்கும், விரித்த பிரதியும் இருக்கும். மெமரி நிறைந்தால் சர்வர் திணறும். நான் டிஸ்கை மட்டும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

பேக்கிங்கில் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் பெட்டி ஸ்டிக்கர்களை ஸ்கேன் செய்வார். திடீரென்று அவருடைய ஸ்கிரீன் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. பதிவாகவில்லை என்று நினைத்து மறுபடி ஸ்கேன் செய்வார். ஒரே பெட்டி இரண்டு தடவை ஏறியது. லிஸ்டில் இருந்த எண்ணிக்கைக்குக் கண்டெய்னரில் பெட்டி இல்லை.

"கவனமில்லாத ஆள வெச்சுட்டு என்னங்க பண்றது? நாளைக்கிருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க" என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய், சுருக்கிய பக்கங்கள் மெமரியில் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று காட்டும் குவரியை ஓட்டினேன். காலியிடம் பூஜ்யம். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஓட்டினேன். பூஜ்யம்.  தப்பு அக்காவுடையது இல்லை, என்னுடையது. சொன்னால் என் வேலை போய்விடும். வேறு யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதவில்தான் அக்கா வந்து நின்றார், கையில் டிபன் பாக்ஸோடு.

"தம்பி, மிஷின் எடுக்கலன்னுதான் திரும்ப அடிச்சேன். நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு புள்ளைகள வச்சிருக்கேன்."

"பாக்கறனுங்க்கா" என்றேன். மானிட்டரைச் சட்டென்று அணைத்தேன். அவருக்கு அந்த எண்கள் புரியாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை. அவ்வளவு பயம்.

இரவெல்லாம் தூங்காமல், மறுநாள் மதியம் மேனேஜரிடம் உளறிக்கொட்டினேன். கத்தித் தீர்த்தார். டேபிளைப் பழையபடி மாற்றச் சொன்னார். என்னை அனுப்பவில்லை. நடந்ததைச் சொல்லி அக்காவை அழைத்துவர ஆள் போனது.

அவர் வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார்.

"நேத்து நான் வந்து நின்னப்பவே ஒங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

"தெரியுமுங்க்கா."

அக்கா ஸ்கேனரை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அன்று சாயங்காலம் ஸ்டிக்கர் ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்தபோது என்னை "சார்" என்று கூப்பிட்டார். அதன் பிறகு எப்போதுமே சார்தான்.